சிங்கராஜாவுக்கு ஓர் இலைத் தண்ணீர்

ஆம்பல்குளத்தில் சிங்காரி என்றொரு நீர்நாய் இருந்தது. மீன் பிடிப்பது அதற்கு வேலை. வழுக்குப் பாறையில் சறுக்கித் தண்ணீருக்குள் தொப்பென்று விழுவது அதைவிடப் பெரிய வேலை. ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சறுக்காவிட்டால் அதற்குச் சாப்பாடு இறங்காது.

அன்று காலை சிங்காரி பதினேழாவது தடவையாகச் சறுக்கிக்கொண்டிருந்தபோது கரையில் ஒரே சத்தம்.

"ஊப்! ஊப்! ஊப்!"

கத்தியது கொண்டலாத்திப் பறவை. அதுதான் அந்தக் காட்டின் சுகாதார அதிகாரி. தலையில் விசிறி போல ஒரு கொண்டை. கோபம் வந்தால் கொண்டை விரியும். பெருமை வந்தாலும் விரியும். ஆக, பெரும்பாலும் அது விரிந்தேதான் இருக்கும்.

அதன் எதிரே வீரணன் என்ற முள்ளம்பன்றி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

"குளத்தில் குப்பை போட்டாயா, இல்லையா?" என்று அதட்டியது கொண்டலாத்தி.

"போடல ஐயா. பலாப்பழம் தின்னுக்கிட்டிருந்தேன். தும்மல் வந்துடுச்சு. மூணே மூணு கொட்டை உள்ள விழுந்துடுச்சு."

"தும்மினாலும் குப்பை குப்பைதான்! சட்டம் தெரியுமா உனக்கு?"

தெரியாமல் இருக்குமா? கரையில் இருந்த பெரிய பாறையில் எல்லோருக்கும் தெரியும்படி செதுக்கி வைத்திருந்தார்கள். சிங்கராஜா போட்ட சட்டம் அது.

'ஆம்பல்குளத்தில் குப்பை போடுபவர் எவராயினும், போட்டதைத் தாமே வாரி எடுக்க வேண்டும். வாரி முடிக்கும்வரை, போட்ட இடத்துத் தண்ணீரை மட்டுமே குடிக்க வேண்டும்.'

நல்ல சட்டம்தான். போட்டவரே எடுக்க வேண்டும், போட்டவரே குடிக்க வேண்டும். யாருக்கும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பாவம், வீரணனுக்கு முங்கத் தெரியாது. முகத்தைத் தண்ணீருக்குள் விட்டது. மூக்கில் தண்ணீர் ஏறியது. வெளியே எடுத்துத் தும்மியது. மறுபடி விட்டது. மறுபடி தும்மியது.

சிங்காரிக்குச் சிரிப்பும் வந்தது, இரக்கமும் வந்தது. "அண்ணே, நீங்க வாயைத் திறந்து வைங்க. நான் கீழேயிருந்து தள்ளி விடறேன். எடுக்கிறது உங்க வாய்தானே?" என்று சொல்லி முங்கியது.

ஒரு கொட்டை மேலே வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது கொட்டையைச் சேற்றில் துழாவி மேலே தள்ளிவிட்டதும் சிங்காரி வீல் என்று கத்திக்கொண்டு மேலே வந்தது.

"ஐயோ! கையில என்னமோ குத்திடுச்சு!"

உள்ளங்கையில் விரல் நீளத்துக்கு ஒரு வேல முள் ஏறியிருந்தது. அதன் முனையில் பச்சை மருந்து ஒட்டியிருந்தது.

கொண்டலாத்தி எட்டிப் பார்த்தது. "முள்தானே! காட்டில் முள் குத்தாமல் வேறென்ன குத்தும்? ஆஸ்பத்திரிக்குப் போ!" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டது.

காட்டின் அரசு ஆஸ்பத்திரி குளத்துக்கு மேலே, மேட்டில், ஒரு பாறைக்குகையில் இருந்தது. வாசலில் சாணமிட்டு மெழுகி, கோலம் போட்டு, பூந்தொட்டி வைத்து, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அன்று வாசலில் நிற்க இடமில்லை. மான்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றன. குரங்குகள் முதுகைச் சொறிந்துகொண்டு நின்றன.

கரடி டாக்டர் ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தது. நல்ல டாக்டர். கைராசிக்காரர் என்று காடே சொல்லும். சிங்காரியின் கையைப் பிடித்தது, முள்ளைச் சட்டென்று பிடுங்கியது, காயத்தைப் பஞ்சால் துடைத்தது, மருந்து தோய்த்த புது முள்ளால் ஓர் ஊசி போட்டது, இலையால் கட்டியது. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

பிறகு பழைய முள்ளையும், புது முள்ளையும், இரத்தப் பஞ்சையும் சேர்த்து அள்ளிப் பின்பக்க ஜன்னல் வழியாக வீசியது.

ப்ளக்!

சிங்காரியின் காது நிமிர்ந்தது. அந்தச் சத்தம் அதற்கு நன்றாகத் தெரியும். அது தண்ணீரில் விழும் சத்தம்.

"டாக்டரய்யா, நீங்க வீசினது எங்கே போகுது?"

"பின்னால போகுது."

"பின்னால என்ன இருக்கு?"

"பின்னால என்ன இருக்கும்? பின்பக்கம்தான் இருக்கும்! இந்த ஒரு மாசமா ஏன் இவ்வளவு கூட்டம்னே தெரியல. ஒரு நாளைக்கு அறுபது பேர்! அடுத்தது யாரு? உள்ளே வா!"

சிங்காரி வெளியே வந்தது. வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனது. போனது அப்படியே நின்றுவிட்டது.

அங்கே ஒரு குன்றே இருந்தது! சீழ் படிந்த இலைக்கட்டுகள், இரத்தப் பஞ்சு, உடைந்த மருந்துக் குடுக்கைகள், எண்ண முடியாத அளவுக்கு முட்கள். அதன் அடியில் ஒரு வாய்க்கால். வாய்க்கால் வளைந்து வளைந்து இறங்கி நேராக ஆம்பல்குளத்தில் போய் விழுந்தது. விழும் இடத்தில் நாலைந்து கெண்டை மீன்கள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன. சற்றுத் தள்ளி இரண்டு மான்குட்டிகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

"குடிக்காதீங்க! குடிக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே சிங்காரி ஓடியது.

மான்குட்டிகளை மேல்கரை ஊற்றுக்கு அனுப்பிவிட்டு, வீரணனைக் கூட்டி வந்து எல்லாவற்றையும் காட்டியது. வீரணன் குன்றைப் பார்த்தது. தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

"மூணு கொட்டைக்கு என்னை மூக்கால தண்ணி குடிக்க வச்சாங்களே தங்கச்சி! இது எத்தனை கொட்டைக்குச் சமம்?"

"வாங்கண்ணே, அதிகாரிகிட்டயே கேட்போம்."

கொண்டலாத்தி ஒரு மரப்பொந்தில் உட்கார்ந்து சிறகைக் கோதிக்கொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் கொண்டை சர்ரென்று விரிந்தது.

"என்ன பேச்சு பேசுகிறாய்? அது அரசு ஆஸ்பத்திரி!"

"ஆமாங்கய்யா. அரசு ஆஸ்பத்திரி குப்பையைக் குளத்துல போடுது."

"நானும் அரசு. அதுவும் அரசு. அரசுக்கு அரசே நோட்டீஸ் கொடுக்க முடியுமா? வலது கை இடது கையைத் தண்டிக்குமா?"

"தண்டிக்க வேண்டாம் ஐயா. இடது கையில சேறு இருந்தா வலது கை கழுவி விடுமே, அது போதும்!"

கொண்டலாத்தி கொண்டையை மடக்கிக்கொண்டது. "சரி, சரி. நேரில் ஆய்வு செய்கிறேன். மூன்று நாள் கழித்து வா" என்றது.

மூன்று நாள் கழித்துச் சிங்காரி போனது.

"ஆய்வு செய்துவிட்டேன். ஒரு குறையும் இல்லை!" என்றது கொண்டலாத்தி.

"எங்கேயிருந்து பார்த்தீங்க ஐயா?"

"தேக்கு மரத்து உச்சியிலிருந்து."

"முன்பக்கமா, பின்பக்கமா?"

"வாசல் முன்பக்கம்தானே இருக்கிறது! கோலம் இருந்தது. பூந்தொட்டி இருந்தது. வேறென்ன வேண்டும்?"

சிங்காரிக்கு வந்த கோபத்தில் மீசை துடித்தது. அந்த மூன்று நாளில் இன்னும் பத்து மான்கள் வயிற்று வலியில் படுத்துவிட்டன. குளத்தில் மீன் குறைந்துவிட்டது. சிங்காரி ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை. விழும் இடத்தில் எந்த முள் காத்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

"தங்கச்சி, பெரிய இடத்து விஷயம். விட்டுடு. நாம வேற குளம் பார்த்துப் போயிடலாம்" என்றது வீரணன்.

"நாம போயிடலாம் அண்ணே. அந்த மான்குட்டிங்க எங்கே போகும்? நாளைக்குத் திங்கட்கிழமை. ராஜா குறை கேட்கிற நாள். நான் போறேன்."

"சிங்கத்துக்கிட்டயா!"

"சிங்கத்துக்கிட்டதான்."

"அப்போ நானும் வர்றேன். பயத்துல என் முள்ளெல்லாம் நிமிர்ந்துடும். தள்ளி நின்னுக்கோ" என்றது வீரணன்.

மறுநாள் காலை சிங்காரி வாய்க்கால் தண்ணீரை ஒரு தாமரை இலையில் அள்ளியது. சிந்தாமல் தலையில் தாங்கிக்கொண்டு அரசவைக்குப் போனது. சிங்கராஜா பாறைமேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கொண்டலாத்தி நின்றது. சுற்றிலும் காட்டு விலங்குகள் கூடியிருந்தன.

"உன் குறை என்ன?" என்று கேட்டது சிங்கம்.

சிங்காரி தலையிலிருந்த இலை சிந்தாதபடி நிமிர்ந்து நின்றது.

"குறை இல்லை மகாராஜா. ஒரு சந்தேகம். மேட்டுல இருக்கிற ஆஸ்பத்திரி யாருடையது?"

சிங்கம் வாயைத் திறப்பதற்குள் கொண்டலாத்தி முந்திக்கொண்டது. கொண்டை விரிந்தது. "இதென்ன கேள்வி? மகாராஜாவுடையது!"

"அங்கே வைத்தியம் பார்க்கிற டாக்டர்?"

"மகாராஜாவுடைய டாக்டர்!"

"அங்கே போடுற மருந்து?"

"மகாராஜாவுடைய மருந்து!"

"அங்கேயிருந்து குளத்துல கொட்டுற குப்பை?"

"மகாராஜாவுடைய குப்—"

கொண்டலாத்தியின் அலகு அப்படியே நின்றது. அவையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சிங்காரி மெதுவாக முன்னால் போய்த் தாமரை இலையைச் சிங்கத்தின் காலடியில் வைத்தது.

"அப்போ இந்தத் தண்ணி உங்களுக்குத்தான் மகாராஜா. போட்ட இடத்துத் தண்ணியைப் போட்டவர்தான் குடிக்கணும். சட்டம் அப்படித்தான் சொல்லுது."

வீரணனின் முட்கள் சரசரவென்று நிமிர்ந்தன. பக்கத்தில் நின்ற முயல் நாலடி தள்ளிப் போனது.

சிங்கம் பல்லைக் காட்டி உறுமியது. "எனக்கா? சட்டத்தைப் போட்ட எனக்கேவா?"

"நீங்க போட்டதாலதான் சொல்றேன் மகாராஜா. 'எவராயினும்'னு பாறையில இருக்கு. 'ராஜாவைத் தவிர'ன்னு போட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டேன். மூணு கொட்டை போட்ட எங்க வீரணன் அண்ணன் குடிச்சார். குரங்குங்க குடிச்சிருக்கு. எருமை குடிச்சிருக்கு. யாரும் மாட்டேன்னு சொல்லல. ஏன்னா அது நல்ல சட்டம்."

சிங்கம் குனிந்து இலையை மோந்து பார்த்தது. அடுத்த நொடி பிடரி மயிர் குலுங்க மூன்று தும்மல் போட்டது.

"கொண்டலாத்தி! இந்த இடத்தை நீ ஆய்வு செய்தாயா?"

"செ… செய்தேன் மகாராஜா."

"குறை இல்லை என்றாயா?"

"ஆ… ஆமாம் மகாராஜா."

"குறை இல்லாத தண்ணீர்தானே? நீ ஒரு வாய் குடி பார்க்கலாம்!"

கொண்டலாத்தி கொண்டையை மடக்கி, சிறகை மடக்கி, பாதியாகச் சுருங்கிவிட்டது. "மகாராஜா, நான் முன்பக்கத்தை மட்டும்தான் பார்த்தேன். பின்பக்கம் போனால் அரசின் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன்" என்று உண்மையை ஒப்புக்கொண்டது.

கரடி டாக்டரை அழைத்து வந்தார்கள். அது கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

"எனக்கு நேரமே இல்லை மகாராஜா. தினமும் அறுபது பேர் வர்றாங்க. முக்கால்வாசி வயித்து வலி, மிச்சம் முள் குத்தினது. வீசினது எங்கே போகுதுன்னு நான் திரும்பிப் பார்த்ததே இல்லை."

"டாக்டரய்யா," என்றது சிங்காரி, "அந்த வயித்து வலி உங்க ஜன்னல் வழியாத்தான் வெளியே போகுது. மறுநாள் உங்க வாசல் வழியா உள்ளே வருது!"

கரடி வாயைப் பிளந்தது. மெல்லக் கணக்குப் போட்டுப் பார்த்தது. பிறகு பளாரென்று தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டது. "அடப்பாவமே! நானே நோயைக் கொடுத்து, நானே மருந்தும் கொடுத்துக்கிட்டிருக்கேனா?"

சிங்கம் பாறையிலிருந்து கீழே இறங்கியது. இலையின் முன்னால் வந்து நின்றது.

"நீர்நாய் சொல்வது சரி. என் பெயரில் போட்ட குப்பை என் குப்பைதான். சட்டப்படி நான் இதைக் குடிக்க வேண்டும்."

சொல்லிவிட்டு நாக்கை நீட்டியது. நாக்கு தண்ணீரைத் தொட ஒரு நூல் இடைவெளிதான் இருந்தது.

"நில்லுங்க மகாராஜா!" என்று சிங்காரி குறுக்கே பாய்ந்தது. "சட்டத்தை முழுசாப் படிங்க! 'வாரி முடிக்கும்வரை'ன்னுதானே இருக்கு? உங்களுக்கு இப்போ தாகமா இருக்கா?"

"இல்லை."

"அப்போ தாகம் எடுக்கிறதுக்கு முன்னால வாரி முடிச்சுட்டா?"

சிங்கத்தின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. அப்படி ஒரு சிரிப்பை அந்தக் காடு அதுவரை பார்த்ததில்லை.

"டாக்டர்! அதிகாரி! ஓடுங்கள்!" என்று கர்ஜித்துவிட்டு, முதல் ஆளாக மேட்டை நோக்கிப் பாய்ந்தது.

அன்று நடந்ததை அந்தக் காட்டில் திருவிழா என்றுதான் சொல்வார்கள். சட்டப்படி, குப்பை போட்டவர்கள்தான் வார வேண்டும். அதனால் சிங்கராஜா, கரடி டாக்டர், அதைப் பார்க்காமல் விட்ட கொண்டலாத்தி மூவரும் வேலை செய்தார்கள். மற்ற எல்லோரும் கரையில் உட்கார்ந்து கைதட்டினார்கள்.

சிங்கம் பெரிய பெரிய பள்ளமாகத் தோண்டியது. கரடி இலைக்கட்டுகளை அள்ளி அள்ளிக் கொட்டியது. கொண்டலாத்தியின் நீண்ட வளைந்த அலகு சேற்றுக்குள் புதைந்த முட்களைப் பிடுங்குவதற்கென்றே செய்தது போல இருந்தது. ஒன்று, இரண்டு, பத்து, நூறு என்று அது பிடுங்கிக்கொண்டே இருந்தது.

"இந்தப் பக்கம் ஒரு பஞ்சு விட்டுப்போச்சு மகாராஜா!" என்று கரையிலிருந்து கத்தியது வீரணன்.

"நீயும் வந்து எடுக்கலாமே!" என்றது சிங்கம் மூச்சிரைக்க.

"எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. யோசனை சொல்லக் கூடாதுன்னு சட்டம் இல்லையே!"

கரை முழுவதும் சிரிப்பு. சிங்கமும் சேர்ந்து சிரித்தது. சிரித்த சிரிப்பில் தான் தோண்டிய பள்ளத்துக்குள் தானே உருண்டு விழுந்தது. குரங்குகள் மரத்தைப் பிடித்து உலுக்கி ஆடின.

வெயில் ஏறியது. சிங்கத்தின் நாக்கு வறண்டு வெளியே தொங்கியது. "இன்னும் எவ்வளவு? எனக்குத் தாகம் எடுக்கத் தொடங்கிவிட்டது!"

"எடுக்கலன்னு நினைச்சுக்குங்க மகாராஜா!" என்று சிங்காரி தைரியம் சொன்னது.

கடைசியில் வாய்க்கால் சேற்றில் அலகை முழுவதும் விட்டுக் கொண்டலாத்தி எதையோ இழுத்தது. வரவில்லை. காலை ஊன்றி இழுத்தது. கரடி அதன் வாலைப் பிடித்து இழுத்தது. சிங்கம் கரடியைப் பிடித்து இழுத்தது. சளக்! மூவரும் மல்லாந்து விழுந்தார்கள். கொண்டலாத்தியின் அலகில் கடைசி முள் இருந்தது.

"முடிஞ்சுது!" என்று காடே ஆர்ப்பரித்தது.

சிங்கராஜா மேல்கரை ஊற்றுக்கு ஓடித் தலையை உள்ளே விட்டு மடக் மடக்கென்று குடித்தது. எவ்வளவு நேரம் குடித்தது என்றால், ஊற்று வற்றிவிடுமோ என்று தவளைகள் பயந்தே போய்விட்டன.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் முள்ளுக்கு ஒரு பள்ளம், பஞ்சுக்கும் கட்டுக்கும் ஒரு பள்ளம், உடைந்த குடுக்கைக்கு ஒரு பள்ளம் என்று தனித்தனியாக வந்தன. ஒன்றும் குளத்துப் பக்கம் போகாதபடி வாய்க்காலைத் திருப்பிவிட்டார்கள். இரண்டு மழை பெய்து குளம் தெளிந்தது. அறுபது நோயாளிகள் ஒன்பது பேராகக் குறைந்தார்கள். கரடி டாக்டருக்கு மத்தியானத்தில் தூங்கக்கூட நேரம் கிடைத்தது. சில நாள் அது வழுக்குப் பாறைக்கு வந்து சிங்காரியோடு சறுக்கிப் பார்க்கும். கரடி விழுந்தால் குளத்துத் தண்ணீர் பாதி கரைக்கு வந்துவிடும்!

கொண்டலாத்தியும் மாறிவிட்டது. எந்த இடத்துக்கு ஆய்வுக்குப் போனாலும் முதலில் பின்பக்கம்தான் போனது.

ஒரு நாள் அது அரண்மனைக்கு வந்தது. அலகில் ஓர் ஓலை. அதைச் சிங்கத்தின் முன்னால் வைத்தது.

"என்ன அது?" என்றது சிங்கம்.

"நோட்டீஸ், மகாராஜா. அரண்மனைச் சமையலறைக்குப் பின்னால் எலும்புகள் குவிந்து கிடக்கின்றன. ஓடைக்கு எட்டடி தூரம்கூட இல்லை."

சிங்கம் ஓலையைப் படித்தது. காடு அதிர ஒரு கர்ஜனை விட்டது. கொண்டலாத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டது. ஆனால் பறந்து ஓடவில்லை.

சிங்கம் எழுந்து சோம்பல் முறித்தது. நகங்களைப் பாறையில் தீட்டிக்கொண்டது.

"பள்ளத்தை எங்கே தோண்டலாம்? வா, இடத்தைக் காட்டு!" என்றது.

ஊருக்குச் சட்டம் போடுகிற அரசுதான் அந்தச் சட்டத்துக்கு முதலில் கட்டுப்பட வேண்டும். கட்டுப்படாவிட்டால், அதைத் தட்டிக் கேட்பது குடிமக்கள் எல்லோருடைய உரிமை.